பிரிவின் இலக்கணம்

ஆங்கிலக் காதல்முறிவுப் பாடல்களைக் கொண்டு ஆங்கில இலக்கணமும் சொல்வளமும் கற்பிக்கலாம் என்று சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரும். ஆங்கிலத் துறை நண்பர்கள், "பாட்டில் இலக்கணம் ஏது? இருப்பதையும் அது கெடுத்துவிடும்" என்பார்கள். தமிழ்த் துறை நண்பர்கள், "குறுந்தொகையும் கலித்தொகையும் இருக்கையில் அயலார் புலம்பல் நமக்கெதற்கு?" என்பார்கள். தமிழ் இலக்கியம் படித்து, அதையே கல்லூரியில் கற்பித்து வருபவன் என்ற வகையில் நான் இரண்டாம் அணியில் நிற்க வேண்டியவன். ஆனால் இந்த யோசனையை ஆதரிப்பதற்கான காரணங்கள் எனக்குத் தமிழ் இலக்கணத்திலிருந்தே கிடைக்கின்றன.

இறையனார் அகப்பொருளின் உரையில் வரும் பழங்கதை இந்தப் பக்கங்களின் வாசகர்கள் அறிந்ததே. பஞ்சம் நீங்கியபின் பாண்டியன் புலவர்களைத் தேடி அழைக்கிறான். எழுத்தும் சொல்லும் வல்லவர்கள் கிடைக்கிறார்கள். பொருளதிகாரம் வல்லவர் ஒருவரும் கிடைக்கவில்லை. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வதே பொருளுக்காகத்தான், அது இல்லையென்றால் மற்றவை இருந்து என்ன பயன் என்று மன்னன் வருந்துகிறான். கதை நடந்ததா என்பது வேறு விஷயம். அதற்குள் ஒரு மொழிக் கொள்கை இருக்கிறது. சொல்ல வேண்டிய ஒன்று இருந்தால்தான் சொல்லும் முறைக்கு உயிர் உண்டு; அந்தச் சொல்ல வேண்டிய ஒன்றின் நடுவில் நம் முன்னோர் வைத்தது காதலையும் பிரிவையும்.

நம் ஆங்கில வகுப்புகளின் நிலை பாண்டியன் கண்ட நிலைதான். எழுத்து உண்டு, சொல் உண்டு, பொருள் இல்லை. 1930களில் வந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலின் வழியில் வந்த பயிற்சிகளே இன்றும் பல கல்லூரிகளில் நடக்கின்றன. கோடிட்ட இடத்தை நிரப்புக. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குக. தமிழ்வழியில் படித்து வரும் மாணவர் இவற்றில் மதிப்பெண் வாங்கிவிடுகிறார். தன் பெயரையும், தந்தையின் தொழிலையும், ஊரையும் ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறார். 'அன்றைக்கு அப்படிச் செய்திருக்கக் கூடாது' என்று ஒரு வருத்தத்தைச் சொல்லச் சொன்னால் நின்றுவிடுகிறார். தகவல் சொல்லும் ஆங்கிலம் அவருக்குக் கிடைத்திருக்கிறது, மனம் சொல்லும் ஆங்கிலம் கிடைக்கவில்லை. நேர்முகத் தேர்வில் அவரைக் கீழே தள்ளுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். 'நீங்கள் சந்தித்த தோல்வி ஒன்றைச் சொல்லுங்கள்' என்று கேட்கப்படும்போது அவருக்குத் தேவைப்படுவது பெயர்ச்சொல் பட்டியலன்று. நடந்ததையும் நடந்திருக்கக்கூடியதையும் பிரித்துச் சொல்லும் வினைச்சொல் தேவைப்படுகிறது.

அந்த வினைச்சொல் எல்லாப் பாடல்களிலும் கிடைத்துவிடாது. காதல் கைகூடிய பாடலுக்கு நிகழ்காலம் ஒன்றே போதும். பிரிந்தவருக்கு அது போதாது. முன்பு இருந்தது, இப்போது இல்லை என்று அவர் சொல்ல வேண்டும். நடந்து முடிந்தது, ஆனால் வலி தொடர்கிறது என்று சொல்ல வேண்டும். செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை என்றும், வேறு விதமாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்றும் சொல்ல வேண்டும். ஆங்கில வினையமைப்பில் நம் மாணவர்களை மிகவும் தடுமாற வைக்கும் இடங்களும் இவையே. இலக்கண நூலில் நாற்பது பக்கங்களில் சிதறிக் கிடப்பதைப் பிரிவு என்ற ஒரே சூழ்நிலை ஓரிடத்தில் சேர்த்துவிடுகிறது.

சில எடுத்துக்காட்டுகள். கோட்டியே என்ற பெயரில் பாடும் ஆஸ்திரேலியப் பாடகர் 2011இல் வெளியிட்ட 'சம்படி தட் ஐ யூஸ்ட் டு நோ' உலகெங்கும் கேட்கப்பட்டது. 2013இல் அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. அதன் தலைப்பே ஓர் இலக்கணப் பாடம். 'நியூ' என்ற சாதாரண இறந்தகாலம் 'அறிந்திருந்தேன்' என்று மட்டும் சொல்லும். 'யூஸ்ட் டு' வரும்போது கதவு சாத்தப்படுகிறது: முன்பு அப்படி, இப்போது இல்லை. ஒருவரை அறிந்தபின் அறியாமற் போக முடியாது. ஆனாலும் அந்த அறிமுகத்தையே முடிந்துபோனதாக அறிவிக்க வேண்டிய நிலைக்குப் பாடலில் வருபவர் தள்ளப்பட்டிருக்கிறார். அந்த வலியை உணரும் மாணவருக்கு 'யூஸ்ட் டு' மறக்காது.

இதே இடத்தில் தமிழைப் பார்க்கலாம். "அப்போதெல்லாம் மாலையில் வருவான், திண்ணையில் உட்காருவான், நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பான்" என்கிறோம். நடந்து முடிந்த பழக்கம். ஆனால் வினைமுற்றுகள் மூன்றும் எதிர்கால வடிவம். அதனால்தான் நம் மாணவர் பழைய நினைவை எழுதும்போது 'ஹி வில் கம்' என்று எழுதுகிறார். ஆசிரியர் அதைக் காலப்பிழை என்று சிவப்பு மையால் அடிக்கிறார். அந்தப் பிழைக்குப் பின்னால் தமிழின் ஒழுங்கான விதியொன்று நிற்கிறது. அதை எடுத்துச் சொல்லி, 'நம் வருவான் இங்கே வுட் கம் ஆகும், அல்லது யூஸ்ட் டு கம் ஆகும்' என்று காட்டினால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் சிக்கல் இது.

அடுத்தது கெல்லி கிளார்க்சன் 2004இல் வெளியிட்ட 'சின்ஸ் யூ பீன் கான்'. பிரிவுப் பாடல் என்றால் அழுகைதான் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். விட்டது தொல்லை என்று மூச்சுவிடும் பாடல் இது. போவது ஒரு கணத்தில் நடந்து முடிகிறது. போய்விட்ட நிலையோ அன்றிலிருந்து இன்றுவரை நீள்கிறது. இந்த நீட்சியைக் காட்டத்தான் ஆங்கிலத்தில் 'ஹேவ் பீன்' இருக்கிறது. தமிழில் 'நீ போய் மூன்று மாதம் ஆகிறது' என்று நிகழ்காலத்தில் சொல்லி முடித்துவிடுகிறோம். 'மூன்று வருடமாக வேலை செய்கிறேன்' என்பதும் அப்படியே. 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்ற நம் ஊர் ஆங்கிலம் பிறக்கும் இடம் இதுதான். இந்தத் தலைப்பில் இன்னொரு பாடமும் உண்டு. முறைப்படி இருக்க வேண்டிய 'ஹேவ்' அங்கே இல்லை. பேச்சில் அது தேய்ந்து மறைந்துவிட்டது. எது மறைந்தது, ஏன் மறைந்தது, தேர்வுத்தாளில் ஏன் அது மறையக் கூடாது என்று மாணவரைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். பிழையற்ற வாக்கியத்தைப் படித்துக் கற்பதைவிட, குறையுள்ள வாக்கியத்தை நிறைவு செய்து கற்பது ஆழமாகப் பதியும்.

புரூனோ மார்ஸின் 'வென் ஐ வாஸ் யுவர் மேன்' 2012இல் வந்த தொகுப்பில் உள்ளது. தலைப்பில் வரும் 'வாஸ்' என்ற சிறு சொல்லிலேயே முழுக்கதையும் இருக்கிறது. பாடுபவர் தான் செய்யத் தவறிய சின்னச் சின்ன அன்புகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். அவற்றைத் தாங்கும் வினை 'ஷுட் ஹேவ்'. இதைத் தமிழில் 'செய்திருக்க வேண்டும்' என்கிறோம். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 'அவன் வந்திருக்க வேண்டும்' என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு, வந்துவிட்டான் போலும் என்று ஊகிப்பது ஒன்று. வர வேண்டியவன் வராமற் போனானே என்று வருந்துவது மற்றொன்று. தமிழில் சூழலும் குரலும் இவற்றைப் பிரித்துக் காட்டும். ஆங்கிலமோ இரண்டு துணைவினைகளை வைத்திருக்கிறது: ஊகத்துக்கு 'மஸ்ட் ஹேவ்', வருத்தத்துக்கு 'ஷுட் ஹேவ்'. ஊகத்தின் பாடலை யாரும் எழுதுவதில்லை, வருத்தத்தின் பாடல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் பாடல்கள் கேட்டுப் பழகிய காது இந்த வேறுபாட்டைத் தவறவிடாது.

நடவாததைக் கற்பனை செய்வதற்கு பியான்சே 2008இல் பாடிய 'இஃப் ஐ வெர் எ பாய்' உதவும். தன்மை ஒருமைக்கு 'வாஸ்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்த மாணவர், 'ஐ'யை அடுத்து 'வெர்' வருவதைக் கேட்டுத் திகைப்பார். அந்தத் திகைப்பு நல்லது. தமிழில் 'அவன் வீட்டில் இருந்தால் கூப்பிடு' என்பதிலும் 'நான் ஆணாக இருந்தால்' என்பதிலும் 'இருந்தால்' ஒன்றுதான். முதலாவது நடக்கக்கூடியது, இரண்டாவது நடக்க இயலாதது. ஆங்கிலத்தின் ஏட்டு வழக்கு இந்த இரண்டாவதற்குத் தனி வடிவம் வைத்திருக்கிறது. கடந்தகாலத்துக் கற்பனையில் மட்டும் இரு மொழிகளும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. 'வந்திருந்தால் பார்த்திருப்பேன்' என்பதில் இருமுறை வரும் 'இரு' என்ற துணைவினை, ஆங்கிலத்தில் 'ஹேட்', 'ஹேவ்' என்று இருமுறை வருகிறது. நம் எதிர்கால இடைநிலையின் இடத்தில் அங்கே 'வுட்' நிற்கிறது. மாணவர்கள் மிகவும் அஞ்சும் ஒரு வாக்கிய அமைப்பு அவர்களுடைய சமையலறைப் பேச்சில் ஏற்கெனவே உறுப்புக்கு உறுப்பு இருக்கிறது. அதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

சொல்வளத்துக்கு வருவோம். 'பிரேக் அப்', 'கெட் ஓவர்', 'மூவ் ஆன்', 'லெட் கோ', 'ஃபால் அபார்ட்' முதலிய கூட்டு வினைகள் முறிவுப் பாடல்களின் அன்றாட உணவு. பாடநூல் இவற்றை ஒரு பட்டியலாகத் தந்து விலகிக்கொள்கிறது. அகராதியில் 'பிரேக்' என்பதையும் 'அப்' என்பதையும் தனித்தனியே பார்ப்பவருக்குப் பொருள் பிடிபடாது. தமிழ் மாணவருக்கு இது புதிதா என்ன? 'உடைந்தது', 'உடைந்துபோயிற்று', 'உடைத்துவிட்டான்', 'உடைத்துத் தொலைத்தான்' ஆகியவற்றின் வேறுபாடு அவருக்குத் தெரியும். போ, விடு, தொலை ஆகிய வினைகள் தம் நேர்ப்பொருளை இழந்து முடிவையும் மனநிலையையும் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பல இடங்களில் 'அப்', 'ஓவர்', 'ஆன்' ஆகிய சிறுசொற்கள் செய்கின்றன.

சொல்லாக்கத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1996இல் டோனி பிராக்ஸ்டன் பாடிய 'அன்-பிரேக் மை ஹார்ட்' டயான் வாரன் எழுதியது. 'அன்' என்ற முன்னொட்டு வினையோடு சேர்ந்தால் செய்ததைத் திருப்பிவிடும்: கட்டியதை அவிழ்க்கலாம், பூட்டியதைத் திறக்கலாம். உடைத்ததை உடையாததாக்க முடியாது. ஆகவே அன்றாட ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. இயலாத ஒன்றைக் கேட்பதற்காகவே அந்தச் சொல் அங்கே ஆக்கப்பட்டிருக்கிறது. ஒரு முன்னொட்டின் எல்லை எதுவென்று இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சித்தாள் காட்டும்?

ஆங்கிலத் துறை நண்பர்களின் அச்சத்தில் உண்மையும் உண்டு. பில் விதர்ஸின் 'ஏன்ட் நோ சன்ஷைன்' (1971) என்ற தலைப்பில் ஏட்டு வழக்கு ஏற்காத எதிர்மறை இருக்கிறது. 'ஷுட் ஹேவ்' பாட்டில் சுருங்கி ஒலிப்பதைக் கேட்டு 'ஷுட் ஆஃப்' என்று எழுதுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமே உள்ள பிழை. மெட்டுக்காக அசையழுத்தம் இடம் மாறும். எனவே பாடலைக் கேட்டால் மட்டும் போதாது. எழுதிப் பார்க்க வேண்டும், ஏட்டு வழக்கில் மாற்றி எழுத வேண்டும், மாற்றியபின் எது தொலைந்தது என்று பேச வேண்டும். பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என்ற இரட்டை நிலையில் வாழ்ந்து பழகிய தமிழருக்கு இது கைவந்த கலை. 'வந்துட்டான்' என்று பேசி 'வந்துவிட்டான்' என்று எழுதும் நமக்கு, பாட்டின் ஆங்கிலம் வேறு, தேர்வின் ஆங்கிலம் வேறு என்பதை விளங்கவைப்பது கடினமன்று.

பாடுவதால் மொழி பதிகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஹங்கேரிய மொழி அறியாத 60 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு அம்மொழித் தொடர்களைக் கற்றனர். ஒரு குழு பேசிக் கற்றது, ஒன்று தாளத்தோடு சொல்லிக் கற்றது, ஒன்று பாடிக் கற்றது. ஹங்கேரியத் தொடரை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் சோதனைகளில் பாடிக் கற்றவர்களே முந்தினார்கள். சிறிய ஆய்வுதான், சில நிமிடப் பயிற்சிதான். நூற்பாக்களையும் நிகண்டுகளையும் பாட்டாக்கி மனத்தில் இருத்திய மரபினருக்கு இது வியப்பான செய்தியும் அன்று.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு ஆய்வு. டிம் மர்ஃபி என்ற மொழியாசிரியர் 1992இல், பாப் பாடல்களின் மொழியை ஆராய்ந்து எழுதினார். அப்பாடல்களில் 'நான்', 'நீ' நிறைந்திருக்கின்றன. ஆனால் அவர்கள் யார், எந்த ஊர், எந்த நாள் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. கேட்பவர் தம் வாழ்விலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அந்த வெற்றிடங்களில் நிறுத்திக்கொள்கிறார். படித்ததும் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இருக்குமா? அகத்திணையில் ஒருவரின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. தலைவன், தலைவி, தோழி என்று நின்றால்தான் அந்த உணர்வு எல்லோருக்கும் உரியதாகும்.

நம் வகுப்பறையில் இந்தப் பெயரின்மை அழகியலோடு நின்றுவிடுவதில்லை, பாதுகாப்பாகவும் ஆகிறது. சிற்றூர்க் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது வயது மாணவி எழுந்து காதலைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால், மாலைக்குள் அது அவள் தெருவுக்குப் போய்விடும். சாதியும் குடும்ப மானமும் காவல் நிற்கும் இடம் அது. 'உன் அனுபவத்தைப் பற்றி எழுது' என்று அவளிடம் கேட்பது கொடுமை. 'இந்தப் பாடலில் வரும் நான் என்ன சொல்லியிருக்கலாம், எழுது' என்று கேட்கலாம். பாடலின் 'நான்' அவளுக்கு ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னிருந்து அவள் ஆங்கிலத்தில் வருந்தலாம், கோபப்படலாம், மன்னிக்கலாம், மறுக்கலாம். 'இனி ஒருபோதும் சேரப்போவதில்லை' என்ற முடிவை 2012இல் டெய்லர் ஸ்விஃப்ட் ஒரு பாடல் தலைப்பாகவே வைத்தார். 'முடியாது' என்று உறுதியாகச் சொல்லும் வாக்கியம் நம் பெண்களுக்கு எந்த மொழியிலும் கற்பிக்கப்படுவதில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனித் தமிழ்த் துறை நண்பர்களுக்கு. அகப்பாடல்களில் உள்ளது பிரிவு; இப்பாடல்களில் உள்ளது முறிவு. ஓதல், தூது, பகை, பொருள் என எதன்பொருட்டுப் பிரிந்தாலும் தலைவன் மீள்வான். பரத்தையிற் பிரிந்தவனும் வாயில் வேண்டி வந்து நிற்பான். தலைவியின் காலம் எதிர்காலம்: வருவர் என்று காத்திருப்பது. மீளாத இழப்பு அகத்தில் வருவதில்லை. அது புறத்தில் கையறுநிலையாகிறது. இருவரும் உயிரோடிருக்க, உறவு மட்டும் இறந்துபோகும் நிலைக்கு நம் மரபில் துறை இல்லை, நிலைபெற்ற சொல்லும் இல்லை. இளைஞர்கள் 'பிரேக்கப்' என்கிறார்கள். 'காதல் தோல்வி' என்ற சொல்லோ உறவைப் போட்டியாக்கிவிடுகிறது. தோற்றவன் ஒருவன் இருந்தால் தோற்கடித்தவள் ஒருத்தியும் இருந்தாக வேண்டும். நம் திரைப்பாடல்கள் பலவற்றில் அந்தக் குற்றச்சாட்டே ஒலிக்கிறது. 2011இல் புகழ்பெற்ற 'ஒய் திஸ் கொலவெறி டி' இதற்கு நல்ல சான்று. ஆங்கிலச் சொற்கள் வரிக்கு வரி வருகின்றன, பலவற்றின் ஈற்றில் நம் உகரம் ஒட்டிக்கொள்கிறது, தொடரமைப்பும் நம்முடையதே. மொழிக்கலப்பைப் படிக்க அருமையான பாடல். ஆனால் அதில் ஆங்கிலச் சொல் கிடைக்கும், ஆங்கில வினை கிடைக்காது. வருத்தம் கிடைக்கும், 'நான் வேறு விதமாக நடந்திருக்கலாம்' என்ற எண்ணம் கிடைக்காது. கேள்வி முழுக்க அவளை நோக்கியதே.

தன்மை ஒருமையில் நின்று, தன் செயலை இறந்தகாலத்தில் வைத்துப் பார்த்து, இப்படிச் செய்திருக்க வேண்டும் என்று சொல்லும் வாக்கியம் எந்த மொழியில் வந்தாலும் அது ஒரு பண்பாட்டுப் பயிற்சி. ஆங்கிலப் பாடல்கள் எல்லாம் இதைத் தருகின்றன என்று நான் சொல்லவில்லை. பழிதீர்க்கும் பாடல்கள் அங்கும் ஏராளம். தேர்ந்தெடுப்பது ஆசிரியரின் பொறுப்பு. பாடல்களால் ஆகாத வேலைகளும் உண்டு. செயப்பாட்டு வினை, அயற்கூற்று, கட்டுரை மொழி, துறைச்சொற்கள் ஆகியவற்றுக்குப் பாடநூலிடம்தான் போக வேண்டும். வாரம் ஒரு மணி நேரம், ஒரு பாடலின் ஒரு பகுதி, அதிலுள்ள வினைகள் மட்டும் என்ற அளவில் இதை வைத்துக்கொள்வதே நல்லது.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை ஆங்கில ஆசிரியரிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். 'வருவான்' எப்படி 'வுட் கம்' ஆகிறது, 'வந்திருக்க வேண்டும்' எங்கே இரண்டாகப் பிரிகிறது, 'உடைந்துபோயிற்று' எப்படிப் 'பிரேக் அப்'போடு உறவாடுகிறது என்பதைச் சொல்லத் தமிழாசிரியரும் அந்த அறையில் இருக்க வேண்டும். ஒரே மாணவருக்கு இரண்டு மொழிகள் கற்பிக்கும் இரண்டு துறைகள் பல கல்லூரிகளில் ஒன்றின் பாடத்திட்டத்தை மற்றொன்று பார்ப்பதே இல்லை. அதன் விலையைக் கொடுப்பவர் தமிழ்வழி மாணவர். தன்னிடம் ஏற்கெனவே உள்ள இலக்கணம் தனக்கு உதவும் என்று அறியாமலே, ஆங்கிலத்தை முழுக்க அந்நியமான ஒன்றாக எண்ணி அவர் அஞ்சிக்கொண்டிருக்கிறார்.